இரண்டு வருட இடைவெளி

பெரிய பிசினஸ் ஸ்கூல்களில் எனக்கு இடம் கிடைக்குமா என்று கணித்துச் சொல்லும் ஆலோசகர், அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டும் நேரம் பார்த்துத்தான் அழைத்தார். கை வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலிலேயே வைத்தேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குப் பேச்சு குழறும். காது மட்டும் பாம்புக் காது.

"மார்க் பிரமாதம்மா. ஆனா வேலையை விட்டுட்டு ரெண்டு வருஷம் சும்மா இருந்திருக்கீங்களே, அதுதான் இடிக்குது."

"சும்மா இல்ல சார். அப்பாவைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"அட, அதையே அப்ளிகேஷன்ல கட்டுரையா எழுதலாமே," என்றார் உற்சாகமாக. "போன வருஷம் ஒரு பொண்ணு அப்படித்தான் எழுதி சீட் வாங்கிடுச்சு. அவங்க அம்மா தவறிட்டாங்க, அதனால கதைக்கு ஒரு முடிவு இருந்துச்சு. உங்களை இன்டர்வியூல எப்ப ஃப்ரீ ஆவீங்கன்னு கேப்பாங்க. ஏதாவது தேதி சொல்ல முடியுமா?"

சட்டென்று போனை அணைத்தேன்.

"அந்த ஆளு ஒரு லூசுப்பா," என்று சிரித்தபடி கரண்டியை நீட்டினேன்.

கிண்ணத்தில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. எப்போதும் வழித்துச் சாப்பிடுகிறவர், என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உதட்டை இறுக மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.