எங்க றாத்தல்

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் தராசு வந்து உட்கார்ந்த அன்று, மீனம்மா முதலில் தன் குடையைத்தான் அதன்மேல் வைத்தாள். மழை சொட்டும் குடை. சிவப்பு இலக்கங்கள் ஓடி நின்றன.

"என்னா மொதலாளியம்மா, இங்கயும் தண்ணிக்குனு கழிப்பீங்களா?"

பின்னால் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஈரத்துக்கென்று கழிப்பதை அன்றாடம் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பகிடியை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிரேமினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தராசின் நெற்றியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினாள். கொழும்பிலுள்ள பேக்கரி உற்பத்தியாளர் சங்கத்தின் அன்பளிப்பு என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. அது லேசில் உரியவில்லை.

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் வீதியில், தோட்டத்துப் பாதை பிரிகிற வளைவில் இருந்தது பிரேமினியும் அவள் புருஷன் கந்தப்பனும் நடத்திய பேக்கரி. முன்னால் கடை, பின்னால் பாண் ரொட்டி வேகும் விறகுப் போறணை. கந்தப்பன் பின்னால், பிரேமினி முன்னால். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவன் மாவோடு பேசுவான், அவள் மனிதரோடு பேசுவாள் என்று ஊரில் சொல்வார்கள்.

கோதுமை மா கிடைக்காமல் போன, கிடைத்தாலும் கை வைக்க முடியாத விலைக்கு ஏறிய அந்த நெருக்கடிக் காலத்தில், பாண் விலையைக் கூட்டுவதா, பாணைச் சிறிதாக்குவதா என்று இருவரும் பல நாள் யோசித்தார்கள். கடைசியில் கந்தப்பன் ஹட்டனில் ஒரு தகரக்காரரிடம் இரண்டு விரற்கடை குறைந்த அச்சுகளை அடித்து வாங்கி வந்தான். யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. பழைய அச்சையும் புதிய அச்சையும் பிரேமினி ஒரு வாரம் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். விலையும் பெரிய பாணுக்கு ஏறியிருக்க வேண்டியதைவிடக் குறைவாகவே இருந்தது. "றாத்தலும் மெலிஞ்சிருச்சு, நம்மளப்போல" என்று மீனம்மா சொன்னதோடு விஷயம் முடிந்தது. அதன் பிறகும் எல்லோரும் ஒரு றாத்தல், அரை றாத்தல் என்றுதான் கேட்டார்கள். றாத்தல் என்பது முன்பொரு காலத்தில் நிறையாக இருந்திருக்கலாம். தோட்டத்து லய வீடுகளில் இருப்பவர்களுக்கு அது இரண்டு கைக்குள் அடங்குகிற ஒரு பொருளின் பெயர். காலையில் நான்கு பேருக்கு, தேங்காய்ச் சம்பலோடு, சரியாக இருக்கும். நெருக்கடி தணிந்த பிறகும் பழைய அச்சு திரும்பி வரவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

தராசு வந்த வருடம்தான் ஜெயதீபனும் வந்தான். கொழும்புச் சங்கத்தின் மலைநாட்டு இணைப்பாளர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மடிப்புக் கலையாத சட்டை. பாணின் நிறையைப் பற்றிப் புதிய ஒழுங்குவிதி வரப்போகிறது, அதற்கு முன் அமைச்சு சிறு முதலாளிகளின் கருத்தைக் கேட்கிறது என்றான். போறணைப் பாணின் அடிக்கருகலைப் பிய்த்துத் தின்றுகொண்டே, இப்படியொரு பாண் கொழும்பில் இல்லை என்று மெய்யாகவே சொன்னான். மலையகத்திலிருந்து ஒரு பெண் பேசினால் எடுபடும் என்றும் சொன்னான். கந்தப்பன் தலையசைத்தான். "நீயே போ. நான் போனா மாவப் பத்தித்தான் பேசுவேன்."

கொழும்பில் கூட்டம் நடந்த மண்டபத்தில் குளிரூட்டியின் குளிர் நுவரெலியாக் குளிரைப் போல இல்லை. எலும்புக்குள் ஒரே இடத்தில் நின்றது. முன்வரிசையில் அவளை உட்காரவைத்தார்கள். பெரிய பேக்கரிக்காரர்கள் நுகர்வோரைப் பற்றிப் பேசினார்கள். அவள் முறை வந்தபோது சிங்களத்திலேயே பேசினாள். சந்தையில் பேசிப் பழகிய சிங்களம். எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு தேவை என்று எங்களுக்குத் தெரியும், அதனால் எங்கள் றாத்தலை எங்களுக்கே விட்டுவிடுங்கள் என்றாள். சொல்லும்போது இரண்டு கைகளையும் தூக்கி அந்த அளவைக் காட்டினாள். றாத்தல் இரண்டு மொழிக்கும் பொதுவான சொல். மேசைக்கு அப்பால் இருந்தவர்கள் தலையசைத்து எழுதிக்கொண்டார்கள். திரும்பி வரும் ரயிலில், ஜன்னல் வழியே கொத்துக் கொத்தாக லயங்கள் வரத் தொடங்கியபோது, நன்றாகத்தான் பேசியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்திரிகையில் அவள் படமும் வந்தது. மேலே தலைப்பு: றாத்தல் நிறையைக் காக்க மலையகச் சிறு பேக்கரியாளர் கோரிக்கை. ஒழுங்குவிதியும் அப்படியே வந்தது. பாண் என்றால் பழைய முழு றாத்தல் நிறை, நானூற்றைம்பது கிராம். குறைந்தால் வழக்கு.

பிரேமினி ஜெயதீபனை அழைத்தாள். கோபப்படக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் எண்ணை அழுத்தினாள்.

"நீங்கள் சொன்னதைத்தான் அக்கா எழுதினவை," என்றான் அவன். "றாத்தல் எண்டுதானே சொன்னியள்?"

"நான் எந்த றாத்தல சொன்னேன்னு ஒங்களுக்குத் தெரியாதா தம்பி? எங்க கடையில தின்னீங்களே."

அவன் குரலைத் தாழ்த்தி, "கையால காட்டினதை ஆர் அக்கா எழுதுறது?" என்றான். அவன் ஏமாற்றினானா, அவனையும் யாரும் கேட்கவில்லையா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. அடுத்த வாரம் தராசு வந்தது.

மெல்ல மெல்லத்தான் மற்றது புரிந்தது. உறையிட்ட பாணை ஏற்றிய சங்கத்துப் பெரிய முதலாளிகளின் வேன்கள் இந்த மலைக்கு முன்பும் வந்திருக்கின்றன. சிறிய பாண், சிறிய விலை என்று இருந்த சந்திகளில் அவற்றால் நிற்க முடியவில்லை. இப்போது எல்லாப் பாணும் ஒரே அளவு. இயந்திரம் மாவைப் பிசகாமல் வெட்டும். விறகுப் போறணையில் பின்வரிசைப் பாண் முன்வரிசையைவிடக் கூடுதலாகக் காய்ந்து நிறை குறையும். வழக்குக்குப் பயந்து கந்தப்பன் எல்லாவற்றிலும் ஒரு பிடி மாவைக் கூட்டிப் போட்டான். கூட்டிய மாவுக்கு யாரும் விலை தரவில்லை. லயத்து ஜனங்கள் முழுப் பாணை வாங்குவதைக் குறைத்தார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரிகள் இருவர் சேர்ந்து ஒன்றை வாங்கி, பிரேமினியிடமே வெட்டித் தரச் சொன்னார்கள். கத்தியை எங்கே வைப்பது என்று அவள் பார்க்கும்போது நான்கு கண்களும் கத்தியையே பார்க்கும். பாதிப் பாண் பழைய சின்னப் பாணைவிடச் சிறியதாக இருந்தது.

ஒருநாள் காலையில் கந்தப்பன் பழைய சின்ன அச்சுகளைக் கழுவினான். வேகவைத்து எடுத்த பாணின் மேல் சீனிப்பாகைத் தூரிகையால் ஒருமுறை தடவினான். பளபளத்தது.

"இது பனிஸ்," என்றான். "பனிசுக்குச் சட்டம் இல்ல."

அன்றிலிருந்து கீழ்த்தட்டில் பனிஸ் என்கிற பன் இருந்தது. மேலே லேசாக இனிக்கும். மற்றபடி அது எதுவென்று எல்லோருக்கும் தெரியும். கடை மீண்டும் பழையபடி கலகலத்தது. பிறகு ஒழுங்குவிதியைக் கவனிக்கும் பரிசோதகர் வந்தார். வயதானவர், வலப்பனைப் பக்கத்துச் சிங்களவர், அதட்டாதவர். பனிஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, பெயரை நான் பார்ப்பதில்லை, வாங்குகிற சனம் இதை என்னவென்று கேட்டு வாங்குகிறது என்பதைத்தான் பார்ப்பேன் என்று சொல்லிப் போனார். பாண் என்றோ றாத்தல் என்றோ கேட்டால் அது பாண். அப்படியானால் வழக்கு; வழக்கென்றால் கடைக்குப் பூட்டு.

அதற்குப் பிறகு பிரேமினி வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னாள்: றாத்தல் என்ற சொல் இந்தக் கடைக்குள் வரக்கூடாது. எல்லோரும் பழகிக்கொண்டார்கள், மீனம்மாவைத் தவிர. "பனிஸ்னு கேட்டா நாக்கு கூசுது பிரேமினி. நான் என்ன தொரையூட்டு விருந்துக்கா வந்திருக்கேன்?" தவறாமல் றாத்தல் என்றுதான் கேட்டாள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை பரிசோதகர் மறுபடி வந்தார். மேல்தட்டுப் பாண்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு கீழ்த்தட்டைக் காட்டினார். பனிஸ் என்றாள் பிரேமினி. அவர் ஒரு பிளேன்டீ கேட்டு வாங்கிக்கொண்டு, பேனாவைத் திறந்து வைத்து, மூலை மேசையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். கந்தப்பன் போறணைப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தான். மாவுக் கையைத் துடைக்காமல் அங்கேயே நின்றான். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்து தோட்டத்துப் பாதையில் ஆட்கள் வரும் நேரம்.

முதலில் வந்தவள் மீனம்மா. கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குச் சாக்கு இடுப்பில் அப்படியே இருந்தது. பேச்சோடு பேச்சாகத்தான் உள்ளே வந்தாள், பின்னால் வருகிற யாரையோ திட்டிக்கொண்டு. கீழ்த்தட்டைப் பார்த்துக் குனிந்தாள்.

"எனக்கு ஒரு றா..."

தேநீர்க் கோப்பை மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. மீனம்மா நிமிர்ந்தாள். மூலையில் இருந்த மனிதரைப் பார்த்தாள். தராசின் மேல் இன்னும் எடுக்கப்படாமலிருந்த பாணைப் பார்த்தாள். பிரேமினியின் முகத்தைப் பார்த்தாள். அவள் வாய் இன்னொரு சொல்லைத் தேடித் திறந்தது. அந்தச் சொல் வரவில்லை. வாய் மெல்ல மூடிக்கொண்டது.

பிறகு அவள் இரண்டு கைகளையும் தூக்கினாள். கொழுந்துக் கறை படிந்து விரல் வெடித்த கைகள். இந்த அளவு என்பதைப் போல, இடையில் ஒன்றுமில்லாமல், அவற்றை எதிரெதிரே பிடித்தாள். பரிசோதகர் எழுந்து வந்து, பேனாவை மூடாமல், அந்தக் கைகளுக்கு நடுவில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.