மூன்றாவது பெட்டி

அந்த அலுவலகத்திலிருந்து காதல் இல்லாமல் ஒரு விளையாட்டும் வெளியே போனதில்லை. திரையில் ஆட்கள் படமாக நிற்பார்கள், கீழே அவர்கள் பேச்சு ஓடும், நடுநடுவே இரண்டு மூன்று பெட்டிகள் முளைக்கும். ஆடுகிறவர் ஒரு பதிலைத் தொட்டால் கதை அந்தப் பக்கம் திரும்பும். சரியான பதிலுக்கு மூலையில் ஒரு இதயம் சிவக்கும். பத்து இதயம் சேர்ந்தால் கல்யாணம். முதலாளிக்கு இது வேதவாக்கு. கதாநாயகிக்கு வயது இருபத்துமூன்றைத் தாண்டக் கூடாது, அவளுக்காக மூன்று ஆண்கள் காத்திருக்க வேண்டும், அந்த மூவரில் ஒருவனுக்குக்கூடச் சளி பிடிக்கக் கூடாது.

கதைக்காரி எட்டு விளையாட்டுகளுக்கு இப்படி எழுதித் தள்ளியிருந்தாள். ஒன்பதாவதில் கை அரித்தது. காதலர்கள் மூவரின் கிளைக்கதைகளோடு நாலாவதாக ஒரு கிளை வைத்தாள். அப்பா படுக்கையில் கிடந்தபோது யார் வந்தது, யார் வரவில்லை என்று சண்டை போட்டு, ஆறு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத அக்காவைக் கதாநாயகி ஃபோனில் கூப்பிடுகிறாள். அவ்வளவுதான் கிளை. இதயமே கிடையாது. அக்காவுக்கு மார்க் போடுவதா என்று கதைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அக்கா கற்பனை இல்லை. அதைப் பற்றி ஆபீசில் அவள் மூச்சு விடவில்லை.

முதலாளி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அக்காவோடு பேச எவன் விளையாட வருவான் என்றார். இழுபறிக்குப் பிறகு ஒரு உடன்பாடு: சோதனைக்கு வரும் ஐந்து பேரில் ஒருவர் ஸ்கிப் பொத்தானை அழுத்தித் தாண்டினாலும் கிளையை வெட்டிவிடுவது.

வெள்ளிக்கிழமை மதியம் ஐந்து பேரும் ஆடி முடித்தார்கள். பூச்சி என்று பெயர் வாங்கியவள் அறிக்கையோடு வந்தாள். பிழை பிடிப்பது அவள் வேலை. கம்ப்யூட்டர்காரர்கள் பிழையைப் பூச்சி என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. “எதுக்குக் கூப்பிட்ட?” என்று அக்கா கேட்கும் இடத்தில் மூன்று பெட்டிகள் வருகின்றன, முதலாவதில் மன்னிப்பு, இரண்டாவதில் குத்தல், மூன்றாவதில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை என்றாள்.

கதைக்காரி அறிக்கையைப் பிடுங்கிப் பார்த்தாள். இருபது முறை அடித்து அழித்து, அப்புறம் நிரப்பலாம் என்று விட்ட பெட்டி. நிரப்பாமலே சோதனைக்கு அனுப்பியிருக்கிறாள். கிளையை வெட்ட இந்த ஒரு காரணமே முதலாளிக்குப் போதும். அவரும் இது என்ன அசட்டுத்தனம் என்று ஆரம்பித்தார், எத்தனை பேர் ஸ்கிப் அடித்தார்கள் என்று கேட்டார்.

“யாருமே அடிக்கல சார்,” என்றாள் பூச்சி. “நாலு பேர் அந்த வெத்துப் பெட்டியத்தான் தொட்டிருக்காங்க. அஞ்சாவது ஆள் மன்னிப்பு கேட்டுட்டு, திரும்பி வந்து அதையும் தொட்டிருக்கார். ஒருத்தர் தொடுறதுக்கு முன்னாடி நாலு நிமிஷம் சும்மா இருந்தார். ஹேங் ஆயிடுச்சோன்னு எட்டிப் பாத்தேன். கண்ணத் தொடச்சிட்டிருந்தார்.”

பதில் இல்லாததால் கதை நேரே அடுத்த வரிக்குப் போயிருக்கிறது. அதில் அக்கா, “லைன்ல இருக்கியா?” என்கிறாள்.

முதலாளி தானே உட்கார்ந்து ஆடினார். சிவக்க இதயம் இல்லாததால் எது சரி என்று பிடிபடாமல் அவர் விரல் முதல் பெட்டிக்கும் இரண்டாவதற்கும் நடுவே அலைந்தது. கடைசியில் அவரும் வெள்ளையைத் தொட்டார். அப்புறம் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

“இருந்துட்டுப் போகட்டும்,” என்றார். “அந்தப் பெட்டில என்ன எழுதப் போறீங்க?”

“ஒண்ணும் வேண்டாம் சார். அப்படியே விட்டுடலாம்.”

சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தத் தைரியத்திலேயே மாடிப்படிக்கு வந்து, ஆறு வருடமாக அழிக்காமல் வைத்திருந்த எண்ணை அழுத்தினாள்.

“எதுக்குக் கூப்பிட்ட?”

வார்த்தை பிசகாமல் அதே கேள்வி. அக்காவைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். அடித்து அழித்த இருபது பதில்களில் ஒன்றுகூட இப்போது வாய்க்கு வரவில்லை. அந்தப் பக்கம் அக்காவை யாரோ வேலைக்கு அவசரமாகக் கூப்பிடுவது கேட்டது. வைத்துவிடுவாள் என்று நினைத்தாள்.

அக்கா அங்கே திரும்பி, கொஞ்ச நேரம் ஆகும் என்று யாரிடமோ சொன்னாள். பிறகு ஃபோனில், “அவசரமில்ல,” என்றாள். “நான் வைக்கல.”