விழுங்கிய எஸ்

ஆசிரியர் அறைக்கும் ஜெராக்ஸ் அறைக்கும் நடுவில் இருப்பது வெறும் பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் ஒருவர் மூக்கைச் சிந்தினால் இந்தப் பக்கம் கேட்கும். ஒட்டுக் கேட்பதற்காக டாம்சின் அங்கே போகவில்லை. வகுப்புக்கு ஒரு படம் வேண்டியிருந்தது, அன்று ஆசிரியர் அறைக்குள் நுழையாமல் வராந்தாக் கதவு வழியாகப் போனாள். தன் பெயர் காதில் விழுந்தது, நின்றாள்.

"டாம்சினா?" என்றது ஆர்மெலின் குரல். "அவ நமக்கு ப்ளு..."

அந்த நேரம் பார்த்து மெஷின் கடகடவென்று காகிதத்தை உள்ளே இழுத்தது. வாக்கியத்தின் வால் அதோடு போய்விட்டது. சத்தம் அடங்கியபோது தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் சிரிப்பு கேட்டது. பிறகு நாற்காலிகள் தரையில் இழுபட்டன. மணி அடித்தது.

பிரெஞ்சில் இந்த 'ப்ளு' ஒரு சனியன் பிடித்த வார்த்தை. எழுத்தில் ஒன்றுதான், கடைசியில் ஒரு எஸ் இருக்கும். பேச்சில்தான் வினை. எஸ்ஸை விழுங்கி 'ப்ளு' என்றால் இனிமேல் வேண்டாம். எஸ்ஸோடு 'ப்ளுஸ்' என்றால் இன்னும் வேண்டும். ஆர்மெல் எஸ்ஸைச் சொன்னாளா, விழுங்கினாளா? மெஷினுக்குத்தான் தெரியும்.

டாம்சின் படத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். காகிதம் தலைகீழாக ஜெராக்ஸ் ஆகியிருந்தது.

இங்கிலாந்திலிருந்து அக்டோபரில் வியெர்ஸோன் என்ற இந்தப் பிரெஞ்சு ஊருக்கு வந்தவள். வேலை, பிரெஞ்சுப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் வாய் திறக்க வைப்பது. ஏப்ரலோடு முடிகிறது. அடுத்த வருடமும் இவள் வேண்டும் என்று ஆங்கிலத் துறையைப் பார்த்துக்கொள்ளும் ஆர்மெல் மேலிடத்துக்கு ஒரு வார்த்தை சொன்னால் வேலை நீளும், வேலையோடு விசாவும் நீளும். சொல்லாவிட்டால் சொந்த ஊரான கிரிம்ஸ்பிக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அவளுடைய அறையில் அப்பாவின் புது மனைவி ஓடாமல் ஓடும் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தாள். மீன் ஃபாக்டரியில் பழைய இடம் இன்னும் இருப்பதாக அப்பா போனில் சொன்னார், நல்ல சேதி சொல்கிற குரலில். ரப்பர் பூட்ஸ், பெல்ட்டில் வரும் மீன் துண்டு, தலைமுடியில் இறங்கி எத்தனை ஷாம்பூவுக்கும் போகாத வாடை.

அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் ஆர்மெலின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. தட்டோடு டாம்சின் நெருங்கியபோது ஆர்மெல் தன் கைப்பையை எடுத்து அந்த நாற்காலியில் வைத்தாள். கைப்பையை எங்காவது வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனாலும் இத்தனை நேரம் அது தரையில்தானே இருந்தது? டாம்சின் ஜன்னலோரம் போய்த் தனியாக உட்கார்ந்து பயறையும் சாஸேஜையும் விழுங்கினாள்.

அதன் பிறகு எல்லாமே கண்ணில் பட ஆரம்பித்தது. கணக்கு வாத்தியார் திபோ காபி மெஷின் அருகே அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான். வாயிற்காவலர் வழக்கமாகச் சொல்லும் "மழ வரும்போல" என்பதைச் சொல்லவில்லை. அன்றைக்கு மழை வரும்போல இல்லைதான். ஆனாலும்.

எல்லாவற்றுக்கும் மேலே இட்ஸியார்.

இட்ஸியார் ஸ்பெயின் நாட்டு பில்பாவோக்காரி. இதே பள்ளியில் ஸ்பானிஷுக்கு உதவியாளர். விடுதியின் மாடியில் இருவருக்கும் ஆளுக்கோர் அறை, நடுவில் பொதுவாக ஒரு சமையலறை. டாம்சினின் அறையில் காலை வெயில் விழும். இட்ஸியாரின் ஜன்னலுக்குக் கீழே குப்பைத் தொட்டிகள். இத்தனை மாதமாக அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவள், அந்த வாரம் திடீரென்று டாம்சினின் கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஏன்டி, இந்தக் கட்டில நகர்த்தலாமா, இல்ல தரையோட போல்ட் அடிச்சிருக்கா?"

"எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

"சும்மா ஒருத்தி அடுத்தவ கட்டில நகர்த்துவாளா?"

"அய்யே, உங்கட்டில நீயே வெச்சுக்கோ." இட்ஸியார் போகும்போது ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். திரைச்சீலைக்குத் துணி எவ்வளவு வேண்டும் என்று பார்க்கிற பார்வை அது.

இவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று டாம்சின் முடிவுகட்டினாள். அன்றிலிருந்து ஃபிரிட்ஜில் தன் வெண்ணெய்யைப் பின்தட்டுக்குத் தள்ளி வைத்தாள்.

ஆர்மெலிடம் நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் ஆர்மெல் சொல்லிவிடுவாள், அதுதான் பயம். ஆர்மெல் பூசி மெழுகத் தெரியாதவள். முதல் நாளே டாம்சினிடம், "என்ன நீன்னே கூப்டு, இங்க எல்லாரும் அப்டித்தான்" என்றவள். அம்மா வயதுக்காரியை நீ என்று சொல்ல டாம்சினுக்கு நாக்கு வரவில்லை. இன்றுவரை நீங்கதான்.

புதன்கிழமை ராத்திரி தூக்கம் வராமல் புரண்டவளுக்கு ஒரு வழி தோன்றியது. அவர்கள் வேண்டாம் என்று சொல்வதற்குள் தானே சொல்லிவிட வேண்டும். எப்படியும் போகத்தான் போகிறோம், தள்ளிவிடப்பட்டுப் போவானேன்? வாக்கியத்தைத் தயார் செய்தாள். சின்ன வாக்கியம். எனக்கே இந்த வேலை இனி வேண்டாம். ப்ளு.

மறுநாள் காலை முதல் வகுப்பு. ஆறு பிள்ளைகள். பாடம், பிரெஞ்சுப் பிள்ளைகளின் தீராத நோய். அவன், அவள் என்று வந்தால் ஆங்கிலத்தில் வினைச்சொல்லின் கடைசியில் ஒரு எஸ் வரும். அது இவர்கள் வாயில் வராது.

"ஷீ வொர்க்," என்றாள் மாயெல். பின்வரிசையில் சூயிங்கத்தைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்திருக்கும் பெண்.

"வொர்க்ஸ். எஸ்ஸ முழுங்காத."

"மதாம், எழுதியிருக்குற எழுத்தெல்லாம் வாயால சொல்லணும்னா நாங்க எப்ப வீட்டுக்குப் போறது?"

வகுப்பு சிரித்தது.

"உங்க பாஷையில முழுங்குங்க. என் பாஷையில துப்புங்க. எங்க, எல்லாரும். ஷீ வொர்க்ஸ்ஸ்."

"ஷீ வொர்க்ஸ்ஸ்ஸ்," என்று பாம்பாட்டியின் கூடை மாதிரி சீறினார்கள். டாம்சினும் சேர்ந்து சீறினாள். மணி அடிக்கும்வரை ஈட்ஸ், ஸ்லீப்ஸ், லீவ்ஸ் என்று அதேதான். வெளியே வந்தபோது அவளுடைய நாக்கு நுனி பல்லுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கிடந்தது.

ஆசிரியர் அறை வாசலில் ஆர்மெல் நின்றிருந்தாள். கழுத்தில் எப்போதும் இருக்கும் ஸ்கார்ஃபை விரலால் திருகிக்கொண்டிருந்தாள். நல்ல சேதி சொல்லப் போகிறவர்கள் துணியைத் திருகுவதில்லை.

"டாம்சின், ஒரு நிமிஷம் வாம்மா. அடுத்த வருஷத்தப் பத்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்றதுக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான்..."

"நீங்க சங்கடப்படவே வேணாம்," என்றாள் டாம்சின். முகத்துக்கு ரத்தம் ஏறியது. "நானே சொல்லிடறேன். எனக்கே இந்த வேல ப்ளுஸ்."

ஆர்மெலின் விரல் ஸ்கார்ஃபிலேயே நின்றது.

"என்ன சொன்ன? இன்னொரு தடவ சொல்லு."

ருசித்துக் கேட்கிறாள் என்று டாம்சினுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் இன்னும் பலமாக, அழுத்தித் திருத்திச் சொன்னாள். "ப்ளுஸ்! இந்த ஸ்கூல், இந்தப் பசங்க, எல்லாமே. ப்ளுஸ்ஸ்!"

காபி மெஷினருகே திபோ திரும்பிப் பார்த்தான்.

"நெஜமாவா?"

"ரொம்ப நாளா மனசுல இருந்தது. சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியவே தெரியாதேம்மா."

"நீங்க எங்க கேட்டீங்க?"

"வாஸ்தவம். நான் கேக்கல." ஆர்மெல் ஒரு கணம் தரையைப் பார்த்தாள். பிறகு டாம்சினின் தோள்களைப் பிடித்து இழுத்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். "எத்தன வருஷமா இங்க உதவியாளருங்க வர்றாங்க, போறாங்க. ஒருத்தராவது எங்கிட்ட வந்து இன்னும் வேல குடுன்னு கேட்டதில்ல. மணி எப்ப அடிக்கும், பாரிஸுக்கு ரயில் எப்போ, இவ்ளோதான். திபோ, கேட்டியா? இந்தப் பொண்ணு ப்ளுஸ் வேணும்ங்குது!"

"டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றான் திபோ.

அப்போதுதான் டாம்சினுக்கு விளங்கியது. மூளை வேண்டாம் என்று அனுப்பியதை வாய் வேண்டும் என்று கொடுத்துவிட்டிருந்தது. ஒரு மணி நேரம் சீறிய நாக்கு, சும்மா இருக்க வேண்டிய இடத்திலும் சீறியிருந்தது. வாயைத் திறந்தாள். நான் சொல்ல வந்தது அதில்லை என்று ஒரு வரி. சொன்னால் கௌரவம் மிஞ்சும், கிரிம்ஸ்பியில் ஓடாத சைக்கிள் மிஞ்சும்.

வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னிக்கே மேல சொல்லிடறேன்," என்றாள் ஆர்மெல். "பெரிய வகுப்புப் பசங்களையும் நீயே எடுத்துக்கோ. வேணும்னு நீயா கேட்டதுதான, அப்புறம் மொகத்தத் தூக்கக் கூடாது."

கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு வாரமாக வயிற்றில் கிடந்தது, கேட்டே தீர வேண்டும் என்று மேலே வந்தது.

"அன்னிக்கு இந்த ரூம்ல என்னப் பத்திச் சொன்னீங்களே. நான் ஜெராக்ஸ்கிட்ட நின்னுட்டிருந்தேன். அது எஸ்ஸோடயா, எஸ் இல்லாமயா?"

ஆர்மெல் தடுப்பைப் பார்த்தாள். பிறகு டாம்சினைப் பார்த்தாள்.

"எஸ் இல்லாமதான். பொய் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நீ உள்ள வர்ற. ஒரு போன்ஜூர் கெடையாது. நேரா மெஷினுக்குப் போற, ஜெராக்ஸ் எடுக்குற, போற. தெனமும் இதேதான். நாங்கல்லாம் என்ன, நாற்காலியா? இந்த இங்கிலீஷ்காரிக்கு நம்மள ஒரு ஆளாவே தெரியலன்னு நெனச்சோம்."

"எல்லாரும் நோட்டுத் திருத்திட்டிருந்தீங்க. வேல செய்யறவங்களத் தொந்தரவு பண்ண வேணாம்னு..."

"போன்ஜூர் தொந்தரவா?"

கிரிம்ஸ்பியில் பெல்ட் ஓடும்போது எவரும் எவருக்கும் காலை வணக்கம் சொல்வதில்லை. தலையை ஆட்டினால் போதும், அதுகூடக் கட்டாயமில்லை. அதை இவளிடம் எப்படி விளக்குவது என்று டாம்சினுக்குத் தெரியவில்லை.

"அன்னிக்கு சிரிச்சது யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"திபோ. அவன் சாவு வீட்லயும் சிரிப்பான். விடு."

வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் விடுதி மாடிப்படி ஏறும்போது டாம்சினுக்குள் வேறொரு கணக்கு ஓடியது. ஆர்மெல் விஷயத்தில் தான் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது. ஒன்று சரியென்றால் மற்றதெல்லாம்? அந்தக் கைப்பை? வாயிற்காவலர்? வேண்டாத ஒருத்தி, ஒரு சத்தத்தின் புண்ணியத்தில் உள்ளே இருக்கிறாள். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

மாடியில் அவளுடைய அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே இட்ஸியார், கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் சாணால் அளந்துகொண்டிருந்தாள். மேஜையில் அவளுடைய மஞ்சள் விளக்கு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

"எப்ப காலி பண்ற?" என்றாள் இட்ஸியார், கையைக்கூட எடுக்காமல்.

"பண்ணல."

"என்னடி சொல்ற? ஆர்மெல் உன்ன ப்ளுன்னு சொன்னாளே, அங்கதான இருந்தேன் நான்."

"ப்ளுஸ்," என்றாள் டாம்சின். "வெளக்க எடுத்துக்கிட்டுப் போ."

இட்ஸியார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எஸ் இல்ல. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

"இன்னிக்கு வந்துருச்சு."

இட்ஸியார் விளக்கின் வயரைச் சுற்றிக்கொண்டு, ஸ்பானிஷில் ஏதோ முணுமுணுத்தபடி போனாள்.

மறுநாள் காலை டாம்சின் ஆசிரியர் அறைக்குள் போய், வாசலிலேயே நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி "போன்ஜூர்" என்றாள். எல்லாத் தலையும் நிமிர்ந்தது. பதிலுக்குப் பல குரல்கள் வந்தன. யார் சொன்னார்கள், யார் உதட்டை மட்டும் அசைத்தார்கள், திபோ ஏன் சிரித்தான் என்று பார்த்துக்கொண்டே மெஷினுக்கு நடந்தாள்.

அன்று சாயங்காலம் சமையலறையில் முட்டையும் உருளைக்கிழங்கும் வறுபடும் வாசனை. இட்ஸியார் வாணலியைத் தட்டின்மேல் கவிழ்த்து, வட்டமாக விழுந்த தோர்த்தியா ஆம்லெட்டை நடு மேஜையில் வைத்தாள். இத்தனை மாதத்தில் அவள் இன்னொருத்திக்குச் சேர்த்துச் சமைத்தது இதுதான் முதல் தடவை.

"உக்காரு. உனக்குந்தான் பண்ணேன்."

"எதுக்கு?"

"கோவிச்சுக்காத. அடுத்த வருஷமும் ஒரே சமையக்கட்டுதான. எனக்கும் இன்னொரு வருஷம்னு இன்னிக்குச் சொல்லிட்டாங்க." ஒரு பெரிய துண்டை வெட்டி டாம்சினின் தட்டில் வைத்தாள். கத்தியை அடுத்த துண்டின்மேல் நிறுத்திக்கொண்டு தலையைச் சாய்த்தாள். "ப்ளுஸ்?"

எஸ் தெளிவாகவே கேட்டது. டாம்சின் தன் தட்டைப் பார்த்தாள், பிறகு இட்ஸியாரின் தட்டைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது.

"மொதல்ல நீ சாப்டு," என்றாள்.