ஞாயிற்றுக்கிழமைத் துரு

ஜலால் பாயிடம் யாரும் சேர்ந்தாற்போல் ஒரு வருஷம் வேலை பார்த்ததாக எனக்குத் தெரிந்து சரித்திரம் கிடையாது. சுத்தியலை ஏன் இந்தப் பக்கம் வைத்தாய் என்று ஆரம்பிப்பார். சாயங்காலத்துக்குள் வேலைக்கு வந்தவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். போகிறவனைத் தடுக்கவும் மாட்டார். “போனாப் போறான். எனக்குக் கை இருக்குல்ல,” என்பார். அந்தக் கையை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். துருப்பிடித்து இற்றுப்போன லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினால் கெட்ட தகட்டை வெட்டியெறிந்து, புதுத் தகட்டை அடித்து வளைத்து, பற்றவைத்த இடம் எதுவென்று விரலால் தடவினாலும் தெரியாதபடி செய்துவிடுவார். பழைய வண்டிகளுக்கு இப்போது நல்ல மவுசு. ஓட்டல் வாசலில் நிறுத்த, கல்யாண ஊர்வலம் விட என்று யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை, பேச்சுத்துணைக்குத்தான் பஞ்சம்.

நான் அசோக்குமார். திருநகர் தாண்டி, அவர் ஷெட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் பெயிண்ட் அடிக்கிறேன். நடுவே ஒரு தகரத் தடுப்புதான். பாய் தகட்டு வேலை முடித்த வண்டி அடுத்து என்னிடம் வரும். பாயின் மனைவி ஜெயினம்பு அக்கா மவுத்தான பிறகு அந்தப் பக்கமிருந்து சுத்தியல் சத்தமும் இருமலும் தவிர எதுவும் கேட்பதில்லை. மகள் ஆயிஷா சித்திகா ஷார்ஜாவிலிருந்து வெள்ளிக்கிழமை கூப்பிடுவாள். சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன், வைக்கிறேன். மூன்று வார்த்தையில் பேச்சை முடித்துவிட்டு மறுபடி தகட்டை அடிக்கப் போய்விடுவார்.

போன வருஷம் ஆடியில் பேரையூர்ப் பக்கத்திலிருந்து நல்லகாமன் என்பவர் ஒரு பெட்போர்டு லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். முன்பக்கம் மூக்கு நீண்ட அந்தக் காலத்து வண்டி. கருவேல முள்ளுக்குள் வருஷக்கணக்காகக் கிடந்ததில் கேபின் தரையெல்லாம் ஓட்டை. கதவைத் தொட்டால் துரு கையோடு வந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் மகன் பாண்டியராஜன் எடைக்குப் போடச் சொல்லியிருக்கிறான், இவர் கேட்கவில்லை.

“பருத்தி ஏத்தி ஓட்டுன வண்டி பாய். வீட்டுக்காரிய ஒரு நா ஏத்துனதில்ல. பொம்பளைய கேபின்ல ஏத்துறதாவதுன்னு அப்ப ஒரு வெட்டி வீம்பு. இப்ப செல்லத்தாயப் பக்கத்துல உக்கார வச்சு உசிலம்பட்டி ரோட்டுல ஒரு சுத்து சுத்தணும். நானே ஓட்டணும். அம்புட்டுத்தேன். கையும் காலும் சொன்னபடி கேக்குறப்பவே ஓட்டிப்புடணும்,” என்றார்.

“வண்டிய விட்டுட்டுப் போங்கண்ணே. முடிஞ்சதும் போன் பண்றேன்,” என்றார் பாய், முகத்தைக்கூடப் பார்க்காமல்.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நல்லகாமன் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். மடியில் அவித்த கடலை. வேலை நடக்கிற இடத்தில் ஆள் உட்கார்ந்தால் எனக்கு ஆகாது என்று பாய் எரிந்து விழுந்தார். வாழ்நாள் முழுக்க லாரி இரைச்சலுக்குள் இருந்த மனிதருக்கு அதெல்லாம் ஒரு சத்தமா? “நீங்க பாட்டுக்கு அடிங்க பாய்,” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குற்றாலம் பக்கத்து மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன கதையை ஆரம்பித்தார். அரை மணி நேரம் கழித்துத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாய் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் கையில் இருந்த ஸ்பிரே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. ஐப்பசிக்குள் பாய் இரண்டு பேருக்குச் சோறு கட்டிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தார். செல்லத்தாய்க்கு முழங்கால் வலி என்று கேள்விப்பட்டு, இடது பக்கக் கதவுக்குக் கீழே ஒரு மடக்குப் படி செய்தார். பிடித்து ஏற உள்ளே ஒரு கம்பியும் வைத்தார். பெட்போர்டுக்குப் பழைய சாமான் கிடைக்காததால் மட்கார்டிலிருந்து பானெட் வரை எல்லாம் தகட்டில் கையால் அடித்ததுதான். இன்ஜினை ஆரப்பாளையத்து மெக்கானிக் உயிர்ப்பித்துக் கொடுத்தார். தை பிறந்தபோது வண்டியில் துரு என்று சொல்ல ஒரு பொட்டு கிடையாது. நான் நீலப் பெயிண்டை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

வண்டிதான் தடுப்பைத் தாண்டி வரவில்லை. கேட்டால், “தரையில இன்னும் கொஞ்சம் கெடக்கு மாப்ள,” என்பார். மாசியிலும் அதே பதில். நல்லகாமன் பொறுமைசாலி. “ஆகட்டும் பாய், நல்லாச் செய்யுங்க. ஆனா காலு மரத்து மரத்துப் போகுது, அதான் பாக்குறேன்,” என்றார் ஒரு தடவை. பாய் குனிந்து வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தின்னர் கேட்டு அந்தப் பக்கம் போனேன். பாய் கேபினுக்குள் மண்டியிட்டு கிரைண்டரால் தரையை வெட்டிக்கொண்டிருந்தார். அவரே போட்ட தரை. மினுமினுவென்றிருந்த புதுத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டியெடுத்து ஓரமாக வைத்தார். மறுநாள் நல்லகாமன் வந்ததும் ‘இங்கயும் ஓட்டை’ என்று காட்டி அதே இடத்தை அடைக்கத்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

“என்ன பாய் பண்றீங்க? கிறுக்கா புடிச்சிருக்கு?”

அவர் கிரைண்டரை நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“வேல முடிஞ்சா வண்டி போயிரும் மாப்ள.”

“போறதுக்குத்தான கொண்டாந்து விட்டாரு?”

“வண்டி போனா அவரு எதுக்கு வரப்போறாரு?” வெட்டிய துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்புறம் ஞாயித்துக்கெழம நான் என்ன பண்றது, சொல்லு.”

எனக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துக் கொடுத்துவிட்டுத் தூங்குகிறவன் நான். அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. “அவரு ஆசப்பட்டு நிக்கிறாரு பாய். சீக்கிரம் விடுங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். “இந்த மாசம் மட்டும்,” என்றார்.

பங்குனியில் ஒரு ஞாயிறு நல்லகாமன் வரவில்லை. கட்டிவந்த சோற்றைப் பாய் பிரிக்கவே இல்லை. அடுத்த ஞாயிறும் வராமல் போகவே, என் போனை வாங்கி அவரே பேசினார். தன் போனில் காசு இல்லை என்று சொன்னது பொய். தனியாகக் கேட்கப் பயம். செல்லத்தாய்தான் எடுத்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“அவுகளுக்கு வலப்பக்கம் இழுத்துக்கிருச்சுண்ணே. கை கால் வெளங்கல. பேச்சுக் கொழறுது, ஆனா வெளங்கும். வண்டி என்னாச்சுன்னுதேன் கேட்டுக்கிட்டே கெடக்காக.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாய் நேராக வண்டிக்குப் போனார். வெட்டி வைத்த துண்டுகளையெல்லாம் இருந்த இடத்தில் வைத்துப் பற்றவைத்தார். மறுநாள் காலை தடுப்போரம் வந்து, “வண்டிய எடுத்துக்க மாப்ள. முடிஞ்சிருச்சு,” என்றார். தையிலிருந்து நான் கேட்க நினைத்த வார்த்தை. கேட்டபோது நன்றாக இல்லை.

பெயிண்ட் காய்ந்ததும் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன், ஆயுசு முழுக்க லாரி கட்டியவருக்கு லாரி ஓட்டத் தெரியாது. திருமங்கலத்திலும் கல்லுப்பட்டியிலும் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள். வண்டி அவ்வளவு அழகாக இருந்தது. பாய் ஒரு தடவைகூட வெளியே பார்க்கவில்லை.

நல்லகாமனை வாசலில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வண்டியைக் கண்டதும் அவர் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. பக்கத்தில் ஓட்டி நிறுத்தினேன். இடது கையால் மட்கார்டைத் தடவினார், கதவைத் தடவினார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

“அவசரப்படாமச் செஞ்சீக பாய். அதான் இம்புட்டு நல்லா வந்துருக்கு,” என்றார் குழறலாக. பிறகு மனைவியைப் பார்த்து, “நீ ஏறு தாயி. தம்பி ஓட்டட்டும். நான் இங்கன இருந்து பாக்குறேன்,” என்றார்.

செல்லத்தாய் படியைப் பார்த்தார், கைப்பிடிக் கம்பியைப் பார்த்தார். “வேணாம். நீங்க ஓட்டாத வண்டியில எனக்கென்ன சோலி?” என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பாய் அதுவரை தள்ளியே நின்றிருந்தார். இப்போது நாற்காலிக்கு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார். நான் வேண்டாம் என்று கண் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

“அண்ணே, வண்டி தையிலயே முடிஞ்சிருச்சு. நான்தான் விடல. நல்ல தகட்ட வெட்டி வெட்டி ஒட்டுனேன். முடிஞ்சா நீங்க வர மாட்டீகளேன்னு. அப்பவே விட்டிருந்தா நீங்க ஓட்டியிருப்பீக.”

நல்லகாமன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் ஏறியது எனக்குத் தெரிந்தது. இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. அந்தக் கோபம் வெளியே வரும், வரட்டும், வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான் நானும் நின்றேன். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்துவிட்டது.

“வண்டி எதுக்கு பாய்?” என்றார். “வாங்கண்ணேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சும்மாவே வந்திருப்பேனே.”

ஜலால் பாய் தலையைக் குனிந்துகொண்டார். யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.