சோடாவில் போட்ட பாதி

விவாகரத்து ஆகி நாலு வருஷமாகியும் ஒடால்மிஸும் எவேலியோவும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஹவானாவில் வேறு வீடு என்ன மரத்திலா காய்க்கிறது? நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் அவள் அடுப்பு, அந்தப் பக்கம் அவன் அடுப்பு. முற்றத்தில் நின்ற ஐம்பத்தெட்டாம் வருஷத்துக் காருக்குத்தான் தடுப்பு போட முடியவில்லை. அதனால் இடப் பாதி அவளுக்கு, வலப் பாதி அவனுக்கு என்று பேசி முடித்திருந்தார்கள். தன் பக்கக் கதவுக்கு அவள் பெயின்ட் அடித்தாள். தன் பக்கக் கதவை அவன் துருப்பிடிக்க விட்டான். யாராவது "வண்டி யாருது?" என்று கேட்டுவிட்டால் போதும், இரண்டு பேரும் ஒரே குரலில் "என்னுது!" என்பார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய கார் சங்கத்திலிருந்து பால்தொமேரோ வருகிறார். காரின் முன்னாலிருக்கும் அலுமினிய கிரில் அசல் உலோகமாக மின்னினால் வண்டியைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்வார். சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் சொகுசாகப் போகலாம். இல்லையென்றால் பழையபடி ஆட்களை அடைத்துக்கொண்டு குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்ட வேண்டியதுதான். ஒடால்மிஸின் இடுப்பு இன்னொரு வருஷம் அதைத் தாங்காது.

அந்த கிரில்லின் மேல்தான் வீட்டுச் சுவருக்கு அடிக்கிற நீலப் பெயின்டை எவனோ அப்பி வைத்திருந்தான். நல்லவேளை, அது நடுவில் போல்ட் போட்ட இரண்டு துண்டு. ஆளுக்கொன்றைக் கழற்றிக்கொண்டார்கள்.

ஒடால்மிஸ் தன் துண்டை மாமரத்தடியில், நல்ல காற்றோட்டத்தில் வைத்தாள். கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டாள். பனாமாவிலிருந்து தங்கை கொண்டுவந்த, அலுமினியத்துக்கென்றே உள்ள பெயின்ட் உரிக்கும் களிம்பைத் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஊறவிட்டாள். பெயின்ட் கொப்பளித்ததும் மரத்துண்டால் மெல்ல வழித்து, ஈரத்துணியால் துடைத்தாள். காய்ந்த பெயின்டை அவள் சுரண்டவே இல்லை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். அந்தத் தூசி உள்ளே போனால் உடம்புக்கு விஷம்.

"என்னடி, குழந்தைக்கு எண்ணெய் தேய்ச்சு விடுறியா?" சுருட்டைக் கடித்தபடி எவேலியோ வந்து நின்றான். "என் பம்பரைப் பாத்தியா? காஸ்டிக் சோடாவுல ஒரே முக்கு. பளபளன்னு வந்துச்சு."

"பம்பர் இரும்புய்யா! இது அலுமினியம், சோடா தின்னுடும். போட்டுத் தொலைக்காதே."

"உன் பேச்சைக் கேட்டு உன்னைக் கட்டிக்கிட்டேன் பாரு, அதுவே போதும்."

சொல்லியிருக்கவே கூடாது. இவள் கிழக்கு என்றால் மேற்கே போகிறவனோடுதானே அத்தனை வருஷம் குப்பை கொட்டினாள்! "போடுய்யா" என்றிருந்தால் போட்டிருக்க மாட்டான்.

போட்டுவிட்டான். சோடா கரைத்து வைத்திருந்த டிரம் கொதித்துப் பொங்கியது.

"பாரு, எப்படி வேலை செய்யுதுன்னு!"

"சுருட்டைத் தூக்கி எறிடா பாவி! அந்த ஆவி தீப்பிடிக்கும்!"

 வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் சொன்னபடி செய்தான், சுருட்டைத் தெருப்பக்கம் வீசினான். உடனே பதறிப்போய், மடையன், கிரில்லை எடுக்க வெறுங்கையை விட்டான். அலறல் தெருமுனைவரை கேட்டது. அவள் அவனைச் சட்டையோடு இழுத்துப்போய்த் தொட்டியடியில் உட்காரவைத்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள்.

"போதும், விடுடி!"

"வாயை மூடு. இன்னும் ஊத்தணும்."

பிறகு ஒரு கம்பால் டிரம்மைத் துழாவினாள். கரையான் அரித்த ஓலை மாதிரி ஏதோ வந்தது. முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. மாமரத்தடியில் மின்னிக்கொண்டிருந்த தன் துண்டைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். ஒரு பாதி கிரில்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நாக்கு வழிப்பதா?

"எல்லாம் உன் வாயால வந்தது," என்றான் அவன்.

"ஆமா, உன் கை வெந்ததும் என் வாயாலதான்!"

ஞாயிற்றுக்கிழமை பால்தொமேரோ வந்தார். இரண்டு துண்டுகளையும் மாட்டித்தான் வைத்திருந்தார்கள். இடது பக்கம் கண்ணைப் பறித்தது. வலது பக்கத்தைப் பார்த்ததும் அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"யாருதுங்க இந்த வண்டி?"

ஒடால்மிஸ் எவேலியோவைக் காட்டினாள். அதே நேரத்தில், கட்டுப்போட்ட கையைத் தூக்கி, எவேலியோ அவளைக் காட்டினான்.