பெரிய வீட்டுக்குப் போன கத்திரிக்காய்

சொத்தைக் காயாக இருந்தால் தூக்கி எறியலாம், தப்பில்லை. பெரிய வீட்டு எருக்குழியில் கிடந்ததில் ஒன்றுகூடச் சொத்தை இல்லை. சுகுணா குனிந்து ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். காலையில் அவளே பறித்து, கூடையில் அடுக்கி, மேனகாவிடம் கொடுத்துவிட்டுப் போன அதே காய். அதற்கு அடியில் போன பறிப்பின் காய் அழுகிக் கிடந்தது. இன்னும் கிளறிப் பார்க்க அவளுக்கு மனசில்லை.

மேனகா அவளுடைய புருஷன் குப்புராஜுக்கு அண்ணி. ஒவ்வொரு பறிப்பிலும் நல்ல காயாகப் பொறுக்கிப் பெரிய வீட்டுக்குக் கொடுத்த பிறகுதான் மிச்சம் பாலக்கோட்டுச் சந்தைக்குப் போகும். மேனகாவும் ஒருநாள்கூட வேண்டாம் என்றதில்லை. "எதுக்கு சுகுணா இவ்ளோ?" என்று வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொள்வாள். வாங்கியதெல்லாம் இந்தக் குழிக்குத்தான் வந்திருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இவர்கள் ஊருக்கு வந்தபோது, அண்ணன் முருகேஷ்தான் பாகம் பிரித்துக் கொடுத்தார். கிணற்றடி நிலம் தனக்கு, மேட்டு நிலம் தம்பிக்கு. மேட்டு நிலத்தின் மூலையில் சாம்பல் மலையாகக் குவிந்திருந்தது. மண்ணும் பாதி கறுப்பு. "கரி சுட்ட எடம்டா. சாம்பல் ஏறுன மண்ணு. எரு வாங்கற செலவே இல்ல," என்றார். யாருக்குத்தான் சந்தேகம் வரும்? கத்திரிச் செடிக்குச் சாம்பல் தூவினால் பூச்சி அண்டாது என்பது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுகுணா கூடை கூடையாக வாரி இறைத்தாள். மகள் எழிலரசியும் தன் பங்குக்குக் கைநிறைய அள்ளி இலை இலையாகத் தூவினாள். கரி பூசிய மூக்கோடு வந்து நின்ற பிள்ளையைப் பார்த்து அன்றைக்குச் சிரித்தோமே என்று நினைக்கும்போது, சுகுணாவுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இப்போது பிள்ளைக்குச் சோறு இறங்குவதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறாள். நேற்றுப் படித்த எழுத்து இன்றைக்கு மறந்துபோகிறது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "ஈயம் ஏறியிருக்கு. உங்க பக்கத்துல பழைய பேட்டரி உருக்கற எடம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். இல்லையென்று சொல்லிவிட்டுத்தான் சுகுணா பஸ் ஏறினாள். ஆனாலும் மனசு கேட்காமல், வந்ததும் மண்வெட்டியை எடுத்துச் சாம்பல் மேட்டைக் கொத்தினாள். பாதி உருகிய பேட்டரி மூடிகள் வந்தன. கொத்தக் கொத்த வந்துகொண்டே இருந்தன.

குப்புராஜ் ஒரு மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தான். "எவனாச்சும் கொண்டாந்து கொட்டியிருப்பான். தெரிஞ்சே எங்கண்ணன் குடுப்பாரா?" என்றான். அண்ணன் என்றால் அவனுக்குச் சாமி. அன்றைக்குப் பறித்த காயை மூன்று மூட்டையாகக் கட்டியும் வைத்துவிட்டான். விடிந்தால் சந்தை.

அந்தச் சாமியையே நேரில் கேட்டுவிடலாம் என்று வந்த வழியில்தான் எருக்குழி கண்ணில் பட்டது.

சுகுணா கேட்கப் போகவில்லை. குழியில் கிடந்த காயை மடியில் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கழுவி நறுக்கி, புளி ஊற்றிக் குழம்பு வைத்தாள். குண்டானைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, "ஏய், எங்கடி போற?" என்று குப்புராஜ் பின்னாலேயே வந்தான்.

பெரிய வீட்டில் முருகேஷும், காலேஜ் லீவுக்கு வந்திருந்த மகன் சரத்தும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

"கத்திரிக்கா கொழம்புங்க மாமா. மேட்டு நெலத்துக் காய்," என்றாள் சுகுணா.

மேனகாவின் முகம் வெளுத்துவிட்டது. "இப்ப எதுக்கு சுகுணா இதெல்லாம்..."

"எழிலு ரத்தத்துல ஈயம் இருக்குதாங்க மாமா. அது பேட்டரி எரிச்ச சாம்பல். நீங்க கரி சுட்டதுன்னு சொன்னீங்க. ஒரு வாய் சாப்புடுங்க, நான் நம்பிக்கறேன்."

முருகேஷ் லேசுப்பட்ட ஆள் இல்லை. "டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க. கொண்டா இப்பிடி," என்று குழம்பை ஊற்றிப் பிசைந்து, எல்லாரும் பார்க்க ஒரு கவளத்தை விழுங்கியும் விட்டார்.

குப்புராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தியா? எங்கண்ணனப் போயி சந்தேகப்பட்டியே!"

"பாத்தேன்," என்றாள் சுகுணா. கரண்டி நிறைய மொண்டு சரத்தின் தட்டுக்குக் கொண்டுபோனாள். "நீயும் சாப்புடு கண்ணு."

"ஊத்துங்க சித்தி," என்று அவன் சோற்றில் குழி பறித்தான்.

முருகேஷின் எச்சில் கை பாய்ந்து வந்து கரண்டியைத் தட்டிவிட்டது. குழம்பு சுவரெல்லாம் தெறித்தது. "அவனுக்கு ஊத்தாத!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சரத் அப்பாவின் முகத்தையே பார்த்தான். தட்டிவிடாமல் இருந்திருந்தால் ஊற்றியிருப்போமா என்று சுகுணாவுக்கே தெரியவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

"உங்க புள்ள தட்டுல ஊத்தக் கூடாது. எம்புள்ள ரெண்டு வருஷமா தின்னுச்சே, அப்ப இந்தக் கை எங்கங்க போச்சு?"

"வெளியூர்க்காரனுங்க வாடகைக்குக் கேட்டானுங்க, வுட்டேன். எரிச்சிட்டுப் போயிட்டானுங்க. இவ்ளோ தூரம் ஆவும்னு..." என்று முருகேஷ் இழுத்தார்.

குப்புராஜ் சுவரில் வழிந்த குழம்பைப் பார்த்தபடி நின்றான். "எழிலு உன்னயப் பெரியப்பான்னு தானண்ணா கூப்புட்டுது," என்றான். விறுவிறுவென்று தன் வீட்டுக்குப் போனவன், ஒரு மூட்டையை முதுகில் சுமந்து வந்து அண்ணன் வாசலில் அவிழ்த்துக் கொட்டினான். இரண்டாவதையும் கொண்டுவந்தான்.

"சந்தைக்குப் போற காயடா!" என்று முருகேஷ் கத்தினார்.

"அங்க வாங்கறவங்களுக்கும் புள்ளைங்க இருக்குதுங்கண்ணா."

மூன்றாவது மூட்டையைச் சுகுணாவே இழுத்து வந்தாள். மேனகாவின் காலடியில் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எருக்குழிக்கு நீங்களே கொண்டு போயிருங்கக்கா. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே."