வேனில் மருமகள் சொன்னது

என் அம்மா மருமகள் பேச்சைக் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. ஆனால் அதே மருமகள் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் வேதவாக்கு. "தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க அத்தை" என்று என் மனைவி சமையலறையில் நின்று தொண்டை கிழியச் சொன்னபோது, "எங்க காலத்துல யாரு கொதிக்க வச்சா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள் அவள். அதையே என் வேன் தெருவில் சொல்லிக்கொண்டு போனதும், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள்.

சுகாதாரத் துறை வேன் அது. ஓட்டுவது நான், அதில் ஒலிப்பதிவில் பேசுவது என் மனைவி. வீட்டிலும் அவள் பேச்சுதான், வேலையிலும் அவள் பேச்சுதான் என்று கூட வேலை பார்ப்பவர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். எழுதிக் கொடுத்ததை வாசித்து முடித்ததும் அவள் தானாக ஒரு வரி சேர்ப்பாள். "பயப்பட வேண்டாம், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறோம்." பயந்துபோன ஜனம் கதவைச் சாத்திக்கொள்ளுமே தவிர சொன்னதைச் செய்யாது என்பது அவள் கட்சி.

தேர்தல் நெருங்கியதும் எங்கள் துறையின் தலையெழுத்தே மாறியது. கொசு மருந்து அடிக்கும் ஆட்களைக் காணோம். மருந்துக்கு ஒதுக்கிய பணத்தில் வேன் முழுக்கத் தலைவர் படம் ஒட்டினார்கள். சாக்கடையோரம் கொசு மொய்க்க, நான் தலைவரின் சாதனைகளை அலறவிட்டுக்கொண்டு போனேன்.

என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, பள்ளிக்கூட வாத்தியார். வாய் சும்மா இருக்காது. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, "மருந்துக்குன்னு வாங்கின வரிப்பணம் எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டான். அவனோடு சேர்ந்து கேட்ட இன்னொரு வாத்தியாரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் திரும்பவில்லை. அவர் மனைவி போய் விசாரித்தபோது, அப்படி ஒரு ஆளையே தெரியாது என்றார்களாம்.

அதைக் கேட்ட அன்றே மச்சான் எங்கள் பின்னறைக்கு வந்து சேர்ந்தான். ஜன்னலைத் திறக்கவில்லை. இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமினான். தெருவில் ஏதாவது வண்டி நின்றால் நான் விளக்கை அணைத்துவிட்டுக் கதவிடுக்கு வழியே பார்ப்பேன். அம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. "இருமக்கூட பயந்துகிட்டு கெடக்கானே, எத்தன நாளைக்குடா இப்படி?" என்று என்னிடம் புலம்புவாள். அவன்மேல் அவளுக்குப் பாசம்தான்.

பிறகுதான் ஒரு புது ஒலிப்பதிவு வந்தது. எங்கள் துறை அதிகாரி காகிதத்தை நீட்டினார். வாசித்த மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. பாதிக்கு மேல் தலைவர் புராணம். கடைசியில், அரசைப் பற்றி அவதூறு பரப்புகிறவர்கள் எங்காவது தங்கியிருந்தால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், அவர்களுக்கு அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்பிவைப்போம் என்று இருந்தது.

"சார், இது சுகாதாரத் துறை வேன்ல போற விஷயமா?" என்றாள்.

"எந்தத் துறையா இருந்தா என்னம்மா, ஜனங்க நம்புற குரல் உங்க குரல்தான்." சிரித்தார். சிரிப்பு நின்றதும் கேட்டார். "உங்க தம்பியும் வாத்தியார்தானே? இப்ப எங்க இருக்காரு?"

"தெரியல சார். பேசியே ரொம்ப நாளாச்சு."

"அப்ப வாசிக்கறதுல என்ன தயக்கம்?"

முடியாது என்றால் சாயங்காலமே வீட்டைச் சோதனை போட வருவார்கள். தம்பியைக் காப்பாற்றத்தான் அவள் மைக் முன்னால் உட்கார்ந்தாள். குரல் நடுங்கவில்லை. வாசித்து முடித்ததும் வாய் பழக்கதோஷத்தில் அந்த வரியையும் சொல்லிவிட்டது. பயப்பட வேண்டாம், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறோம். அதிகாரிக்கு வாயெல்லாம் பல். அதை எடுத்துவிடும்படி அவள் எவ்வளவோ கெஞ்சியும் அவர் கேட்கவில்லை.

மறுநாள் வேனில் என் பக்கத்தில் ஒருவனை உட்காரவைத்தார்கள். எந்தத் தெருவில் போக வேண்டும் என்று அவன்தான் சொன்னான். எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் என் கை தானாகச் சத்தத்தைக் குறைக்கப் போனது. "இருக்கட்டும்ண்ணே, நல்லாத்தான கேக்குது" என்றான்.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

அந்தத் தலையாட்டலின் அர்த்தம் எனக்குத் தெரியாதா? வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினால் பக்கத்தில் இருப்பவன் சும்மா இருப்பானா? கோழை மாதிரி நேராக ஓட்டிக்கொண்டு போனேன். போன வழியெல்லாம், அம்மா போனைத் தொடக்கூடாது, தொடக்கூடாது என்று மனசுக்குள் கத்திக்கொண்டே போனேன்.

கடைத்தெருவைச் சுற்றிவிட்டு அதே வழியாகத் திரும்பியபோது எங்கள் வாசலில் ஜீப் வழியை மறித்து நின்றதால் வேனை நிறுத்த வேண்டியதாயிற்று. மச்சானை ஏற்றிவிட்டிருந்தார்கள். வெளிச்சம் பார்த்துப் பழக்கம் விட்டுப்போன கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜீப் கிளம்பியது. என் மனைவி செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினாள். வாய் திறந்திருந்தது, ஏதோ கத்தினாள். என் தலைக்கு மேல் அவள் குரலே நிதானமாகப் பேசிக்கொண்டிருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா வேன் கதவருகே வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன்டா இப்படி வேர்க்குது? புத்தி சொல்லி அனுப்பிருவாங்கடா. பயப்பட வேண்டாம்னு உன் பொண்டாட்டியே சொல்லிட்டாளே."

பிறகு, "அவனுக்கும் சேர்த்துத்தான் சமைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.